குண்டம்மாவை எழுப்பும் சேவல்

ஓஸ்மெலுக்கு என்மேல் பொறாமை என்று சொன்னால், அவனை நான் ஒரு பொருட்டாக மதிப்பது போலாகிவிடும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நடந்த எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கியது.

நான் இதால்மிஸ். சியென்ஃபுவேகோஸ் நகரத்தில், துறைமுகப் பேருந்து திரும்புகிற மூலையில் இருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் ரிலேக்களோடும் கம்பிகளோடும் மல்லுக்கட்டியவள். போன் பழுது என்று யாராவது கூப்பிட்டால் நான் எடுத்து, "சொல்லுங்க" என்பேன். "ஆம்பளை யாராச்சும் இருந்தா குடும்மா" என்பார்கள். "இதோ தர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, அதே குரலில் மறுபடியும் "சொல்லுங்க" என்பேன். வேறு வழி இல்லாமல் சொல்வார்கள். பழுதும் சரியாகும்.

குண்டம்மா எங்கள் படுக்கையறையில் இருக்கிறாள். ஏதோ அலுவலகத்தில் தூக்கிப் போட்ட பழைய கணினிதான் அவள். என் கணவன் எவெலியோ அவளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தான், நான் உயிர் கொடுத்தேன். கட்டடத்தில் வீட்டுக்கு வீடு சேர்ந்து எட்டு ஹார்ட் டிஸ்க் கொடுத்தார்கள். படங்கள், தொடர்கள், பேஸ்பால் ஆட்டங்கள், எல்லோர் வீட்டுக் கல்யாணம், பெண் பிள்ளைகளின் பதினைந்தாவது பிறந்தநாள் நடனம், எல்லாம் அவள் வயிற்றுக்குள். போனிலோ டிவியிலோ யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். அதுதான் எனக்கு முக்கியம்.

பிரச்சினை மின்சாரம். அது போகும்போது ஒன்றும் செய்வதில்லை, திரும்பி வரும்போதுதான் உதைக்கிறது. வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கிய குண்டம்மாவை அப்படி இரண்டு முறை உதைத்து இரண்டு டிஸ்க்கைக் கொன்றுவிட்டது. மிச்சம் ஆறு. இன்னொன்று போனால் அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதைத்தான் ஓஸ்மெல் பிடித்துக்கொண்டான். மூன்றாம் மாடிக்காரன். கட்டடத்து ஆட்கள் எல்லோரும் படிக்கட்டுக்குக் கீழே கூடியிருந்தபோது எழுந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"ரெண்டு டிஸ்க் போச்சு. இன்னும் எத்தன போனப்புறம் முழிச்சுக்கப் போறோம்? எங்க வீட்டுக்கு வரட்டும். எங்கண்ணன் வெளிநாட்டுலேர்ந்து, ஹயலியாவுலேர்ந்து அனுப்புன பேட்டரி இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கு. இருவத்துநாலு மணி நேரமும் ஓடும். அக்காகிட்ட என்ன இருக்கு? வாய் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

டிஸ்க் விஷயத்தில் அவன் சொன்னது உண்மை. ஆனால் எங்களுக்கு அவனைத் தெரியும். தண்ணீர் மோட்டார் அறைச் சாவி ஒரு வருஷம் அவனிடம் இருந்தது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் மூன்றாம் மாடிக்கு ஏறி, கதவைத் தட்டி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று, அவன் சொல்லும் கதைக்குச் சிரித்துவிட்டு வர வேண்டும்.

இரண்டாம் மாடி நெய்டிஸ் அதை மறக்கவில்லை. வீட்டிலேயே முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவள்.

"உங்கிட்ட சாவி இருந்தப்ப, என் கஸ்டமர் தல நெறைய ஷாம்புவோட ஒரு மணி நேரம் நின்னா. இப்ப படம் பாக்கவும் உன் வாசல்ல நிக்கணுமா?"

"நான் என்ன பூட்டியா வைக்கப் போறேன்?"

"பூட்ட மாட்ட. தூங்கிட்டேன்னு சொல்லுவ."

நான் எழுந்தேன். "குண்டம்மா இங்கயே இருக்கட்டும். யாரும் பாக்காதப்போ தூங்கட்டும், தூங்குறவளுக்கு அடி படாது. யாருக்கு வேணுமோ அவங்க போன்ல ஒரு பட்டன அமுக்குனா எழுந்துக்குவா. ரெண்டு நிமிஷம்."

"கரண்ட் போயிட்டு வந்தா?" என்றான் ஓஸ்மெல்.

"போயிட்டு வந்தாலும்தான்."

கட்டடத்துத் தலைவர் பெலாயோ நான்காம் மாடி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் இறக்குவார். "வர்ற சனிக்கெழம காலைல நம்ம பக்கம் கரண்ட் கெடையாது. திரும்பி வந்தப்புறம் பாப்போம். எழுந்துட்டா இங்கயே இருக்கட்டும். எழலேன்னா மூணாவது மாடிக்குப் போகட்டும். சரியா இதால்மிஸ்?"

"சரி" என்றேன். வேறென்ன சொல்வது, வாயைக் கொடுத்தாகிவிட்டது.

என்னிடம் ஒரு சின்னப் பலகைக் கணினி இருந்தது. சீட்டுக்கட்டு அளவு. ஒரே பலகையில் மொத்தக் கணினியும் அடக்கம். நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த தோழி ஊரைவிட்டுப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. சாப்பாடு மிகக் குறைவு அதற்கு. பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றில் கட்டிவிட்டால், மின்சாரம் இல்லாத நாளிலும் விழித்தே இருக்கும். அதன் ஓரத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து எவெலியோதான் அதற்குச் சேவல் என்று பேர் வைத்தான்.

சேவலின் வேலை எளிது. மின்சாரம் திரும்பி வந்ததும் பத்து நிமிஷம் பொறுத்திருக்கும். அதற்குப் பிறகு யாராவது போனில் பட்டனை அமுக்கினால், கேபிள் வழியாகக் குண்டம்மாவைப் பேர் சொல்லி அழைக்கும். ஒரு முறை இல்லை, ஒரே மூச்சில் பதினாறு முறை. அந்த அழைப்பின் முறை அப்படி. தூங்கும்போதும் ஒரு காதைத் திறந்து வைத்திரு என்று குண்டம்மாவுக்கு நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

"பதினாறு தடவையா?" என்றான் எவெலியோ. "நான் ஒரு தடவ கூப்ட்டாலே எழுந்துக்கிறேனே, கண்ணு."

"காப்பி வாசன வந்தா எழுந்துக்கிற. அதுக்குப் பேரு கூப்பிடுறது இல்ல."

அந்த வாரம் பன்னிரண்டு முறை சோதித்தேன். மின்சாரம் இருக்கும்போதும், போய் வந்த பிறகும். பன்னிரண்டு முறையும் எழுந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு சோதிப்பதை நிறுத்திவிட்டேன். எதற்கு இன்னும் என்ற தலைக்கனம்தான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் ஒன்று பத்துக்கு வந்தது. ஐந்து மாடியிலிருந்தும் வழக்கமான கூச்சல். "வந்துருச்சு! வந்துருச்சு!" கூச்சல் அடங்குவதற்குள் என் வாசலில் பாதிக் கட்டடம் நின்றது. ஓஸ்மெல் தன் மைத்துனர்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தான், குண்டம்மாவைத் தூக்கிப் போக. அவ்வளவு நம்பிக்கை.

"பத்து நிமிஷம்" என்றேன்.

"பத்து நிமிஷமா? எங்க வீட்டுல இருந்தா இந்நேரம் பாதி படம் ஓடியிருக்கும்."

நெய்டிஸ் விடவில்லை. "கரண்ட் வந்த ஒடனே உங்கம்மா ஃப்ரிட்ஜ சொருகுவாங்களா? எல்லார் வீட்டு மோட்டாரும் குக்கரும் ஒண்ணா இழுக்கிற நேரத்துல நீ சொருகுனா ஒன்ன உயிரோட விடுவாங்களா? ஃப்ரிட்ஜுக்குப் பொறுக்கத் தெரியுது, இதுக்குப் பொறுக்க முடியலியா?"

ஓஸ்மெலின் அம்மாவே பின்னாலிருந்து, "அதான!" என்றார்.

பத்து நிமிஷம் முடிந்தது. நெய்டிஸ் தன் போனில் பட்டனை அமுக்கினாள். நாங்கள் காத்திருந்தோம். இரண்டு நிமிஷம். மூன்று. படுக்கையறையில் சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினாள். நான் என் போனில் அமுக்கினேன். சேவல் அழைத்துக்கொண்டேயிருந்தது, அதன் விளக்கு மின்னியதை நானே பார்த்தேன். குண்டம்மா அசையவில்லை.

யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஓஸ்மெல் மைத்துனர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"தொடாதீங்க" என்றேன். "அவள நானே தெறக்கணும்."

பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பலகையில், காசு அளவுள்ள பட்டன் பேட்டரி உட்காரும் வட்டக் குழி காலியாக இருந்தது.

அந்தப் பேட்டரிதான் குண்டம்மாவின் ஞாபகம். மின்சாரம் இருக்கும்வரை அது இல்லாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. மின்சாரம் போன அந்த நொடியில் தேதி, நேரம், நான் சொல்லி வைத்தது எல்லாவற்றையும் மறந்துவிடுவாள், ஒரு காதைத் திறந்து வைக்கச் சொன்னது உட்பட. சேவல் பதினாறு முறை இல்லை, பதினாறாயிரம் முறை கத்தினாலும் கேட்காது.

எங்கள் வீட்டில் எதையும் திறந்து எதையும் எடுக்கும் கை ஒன்றுதான் இருக்கிறது.

"எவெலியோ!"

சமையலறையில் மலாங்கா கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தவன், கரண்டியோடு வந்தான். "என்ன கண்ணு?"

"இதுல இருந்த பேட்டரி எங்க?"

காலிக் குழியைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். பிறகு பெலாயோவைப் பார்த்தான். "நேத்து சாயங்காலம் எடுத்தேன். தூங்குற மெஷின்தான? தூங்கும்போது அதுக்கு எதுக்குன்னு நெனச்சேன்..."

படிக்கட்டு வரைக்கும் சிரிப்பு கேட்டது. ஓஸ்மெலின் மைத்துனர்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"யாருக்குக் குடுத்த?"

பெலாயோ சட்டைப்பையில் கைவிட்டுச் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தார். "எனக்குத்தாம்மா. மூணு வாரமா இது செத்துக் கெடந்துச்சு. ஊரெல்லாம் தேடிட்டேன். நேத்து டோமினோ ஆடும்போது இவங்கிட்ட பொலம்புனேன், எழுந்து போயி கொண்டாந்து போட்டுட்டான். எங்கருந்து எடுத்தான்னு எனக்குத் தெரியாது. காலைல பாத்தா இருநூத்தம்பது. பாக்காம இருந்திருந்தா மருமக செஞ்ச கேக்க முழுசா முடிச்சிருப்பேன்." சொல்லிக்கொண்டே நகத்தால் கருவியின் பின்மூடியை நெம்பினார். "இந்தா, எடுத்துக்க. ஒன் மானம் போகக் கூடாது."

எவெலியோமேல் எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கரண்டியைப் பிடுங்கி நாலு போடலாம் போலிருந்தது. ஆனால் அவன் செய்ததில் என்ன புதுமை? இங்கே ஒரு பொருள் சும்மா கிடக்க, இன்னொன்று அது இல்லாமல் சாக, யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். என் மின்விசிறி ஓடுவதே நெய்டிஸின் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரில்தான்.

பேட்டரி அவர் உள்ளங்கையில் பளபளத்தது. வாங்கிப் போட்டு, இரண்டு நிமிஷம் செலவழித்தால் ஜெயித்துவிடலாம்.

ஓஸ்மெல் அப்போது சொன்னான். "வாங்கிப் போடுங்கக்கா. இன்னிக்கு எழுந்துக்கும். நாளைக்கு வேற யாராவது கேப்பாங்க, எவெலியோ மாமா எடுத்துக் குடுப்பாரு. இந்த வீட்டுல எது நெலைக்கும்?"

சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அதிலும் உண்மை இருந்தது.

"உள்ள வைங்க பெலாயோ" என்றேன். "மூடிப் பையில போடுங்க. அது இல்லாமலே எழுப்புறேன். ஒரு மணி நேரம் குடுங்க."

"சோதன முடிஞ்சுது. பேச்சுன்னா பேச்சுதான்" என்றான் ஓஸ்மெல்.

பெலாயோ கருவியைப் பையில் போட்டுக்கொண்டார். "சனிக்கெழமன்னுதான் நான் சொன்னேன். சனிக்கெழம இன்னும் முடியலியே."

படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். எனக்கு என்மேல்தான் எரிச்சல். இருபத்திரண்டு வருஷம் ரிலேயோடு வாழ்ந்தவள், புதுசாகக் கற்றுக்கொண்ட வித்தையைக் காட்டும் ஆசையில் கையில் இருந்ததை மறந்துவிட்டேன். அழைத்தால் கேட்பதற்கு ஞாபகம் வேண்டும். பட்டனை அமுக்கினால் எதற்கு ஞாபகம்? குண்டம்மாவின் முகத்தில் இருக்கும் பட்டன் என்பது இரண்டு கம்பி, அரை நொடி தொட்டுவிட்டு விலகினால் போதும். சேவலுக்குத் தேவை குரல் அல்ல, ஒரு விரல்.

ஃப்ரிட்ஜைக் காக்கும் பெட்டி ஒன்று எரிந்துபோய் அலமாரியில் கிடந்தது. அதற்குள் இருந்த ரிலே, அதாவது மின்சாரம் பட்டால் இரண்டு கம்பியைத் தானே தொடவைக்கும் சுவிட்ச், நல்ல நிலையில் இருந்தது. மோட்டார் சைக்கிள் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும். உடைந்த ரேடியோவிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர். சேவலிலிருந்து ரிலேக்கு ஒரு கம்பி, ரிலேயிலிருந்து பட்டனுக்கு இரண்டு. சால்டரிங் புகை கண்ணில் ஏறியது. எவெலியோ டார்ச் பிடித்தான்.

"ரொம்பக் கோவமா?"

"அப்புறமா கோவப்படுறேன். இப்ப டார்ச்ச நேரா புடி."

"அவருக்கு இருநூத்தம்பது இதால்மிஸ். பயந்துட்டேன்."

"தெரியும். நானா இருந்தாலும் குடுத்திருப்பேன். ஆனா சொல்லிட்டுக் குடுத்திருப்பேன்."

நாற்பது நிமிஷத்தில் கதவைத் திறந்தேன். ஒருவரும் போகவில்லை. யாரோ காப்பி போட்டுச் சின்னக் குவளைகளில் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். மலாங்காவையும் காலி செய்திருந்தார்கள்.

எங்கள் வீட்டு மெயின் பிரேக்கரைத் தானே இறக்குவதாக ஓஸ்மெல் முன்னால் வந்தான். இறக்கட்டும் என்றேன். ஒரு முறை இறக்கி ஏற்றினான். மறுபடி இறக்கினான், ஏற்றினான். மூன்றாவது முறை இறக்கிவிட்டு முழுசாக ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், குண்டம்மாவுக்கு ஒரு சொட்டு ஞாபகமும் மிஞ்சக் கூடாது என்று. பிறகு ஏற்றினான்.

பத்து நிமிஷம் பொறுத்தோம். இந்த முறை யாரும் கேலி பேசவில்லை. அந்த ரிலே எனக்குக் கிடைத்த ஒரே ரிலே. அது ஒட்டிக்கொண்டால் வேறு இல்லை. ஆறு டிஸ்க்கும் மூன்றாம் மாடிக்குப் போகும், நாளை முதல் என் அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தைப் பார்க்க ஒருத்தன் வாசலில் நின்று பல்லைக் காட்டுவார்கள். அதை நினைத்தபோது அழுகை வந்தது. அழவில்லை.

"அமுக்கட்டா அக்கா?" என்றாள் நெய்டிஸ்.

"அமுக்கு."

டிக்.

சின்னச் சத்தம்தான். ஆனால் அந்தச் சத்தத்தை இருபத்திரண்டு வருஷம் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டவள் நான். அடுத்த நொடி குண்டம்மாவின் விசிறி உறுமியது. டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சுழன்றன. எழுந்ததும் அவள் கணக்கில் வருஷம் 2009. பாவம், அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. தேதியைச் சேவலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"வந்துருச்சு!" என்று நெய்டிஸ் போனைத் தூக்கிக் காட்டினாள். கைக்கு வந்ததைத் திறந்திருந்தாள். பெலாயோ தன் மகளின் பதினைந்தாவது பிறந்தநாளில், தொப்பை இல்லாமல், தலை நிறைய முடியோடு, அவளைப் பிடித்துச் சுழன்று ஆடிக்கொண்டிருந்தார். கூச்சல் ஐந்தாம் மாடிவரை போனது. மைத்துனர்கள் இரண்டு பேரும் யார் பக்கம் வந்தோம் என்பதை மறந்து கை தட்டினார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் போவதில்லை. நெஞ்சு விம்மியது. இந்தக் கையால், எரிந்துபோன பெட்டியிலிருந்து எடுத்த துண்டால், ஒருவரிடமிருந்தும் எதையும் பிடுங்காமல் அவளை எழுப்பினேன்.

பெலாயோ போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அந்தக் காலத்துல எங்க வீட்டு போன் செத்தப்ப, நெலையத்துக்குக் கூப்ட்டு ஆம்பளைய குடுன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கு."

"எனக்கும்தான். மொதல்ல எடுத்தது நான். அப்புறமா எடுத்ததும் நான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சட்டைப்பையில் இருந்த கருவி கீழே விழப் பார்த்தது, எவெலியோ தாவிப் பிடித்தான்.

"குண்டம்மா இங்கயேதான்" என்றார் பெலாயோ. மறுத்து யாரும் கையைக்கூடத் தூக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் சேவலுக்கு ஒரு குரலும் கொடுத்தேன். மோட்டார் சைக்கிளின் பழைய ஹாரன். மின்சாரம் வந்து பத்து நிமிஷம் உதைக்காமல் நின்றால் ஒருமுறை சின்னதாக ஊதும், இனிமேல் குண்டம்மாவை எழுப்பலாம் என்று. நான் அதற்காகத்தான் வைத்தேன். ஆனால் கட்டடம் அதை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டது. இப்போதெல்லாம் மின்சாரம் வந்தால் முதலில் வழக்கமான கூச்சல், அதற்குப் பிறகு ஐந்து மாடியும் அமைதி. ஹாரன் ஊதிய பிறகுதான் ஒவ்வொரு வீட்டிலும் ஃப்ரிட்ஜைச் சொருகுகிறார்கள். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

நேற்றும் போய் வந்தது. நான் வாசலில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. ஃப்ரிட்ஜின் வயரைக் கையில் பிடித்தபடி ஓஸ்மெல் எட்டிப் பார்த்தான். அவன் அண்ணன் அனுப்பிய இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜை இழுக்காது போலிருக்கிறது.

"இதால்மிஸ் அக்கா, சேவல் கூவிருச்சா?"

"இன்னும் இல்ல" என்றேன். "பொறு."

பொறுத்தான்.